கொஞ்சம் சோகமாய் நில்லுங்கோ

இந்தப் பிரகலாதன் ஒலிவாங்கியைத் தொட்ட கணத்திலேயே கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்து, எனக்கு எல்லை வகுத்திருக்கும் பெருமதிப்புக்குரிய தலைவர் தம்பிஐயா அவர்களே!

இந்தச் சனசமூக நிலையத்தின் கூரை ஒழுகிய மாரியிலும் கொள்கை ஒழுகாமல் காத்து நின்ற மாதர் சங்கத் தலைவி மகாதேவி அம்மா அவர்களே! தோட்டத்து மண் காலில் காயுமுன்னே கழுவிக்கொண்டு ஓடிவந்திருக்கும் தந்தையரே! கரையோரத்திலிருந்து கடற்காற்றையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கும் கடலோடிக் குடும்பத்து உறவுகளே! அடுப்பை அணைத்துவிட்டு ஆறுதலாய் வந்த தாய்மாரே! அணைத்தோமா இல்லையா என்று இங்கிருந்து அந்தரப்படும் தாய்மாரே! அரங்கில் கதிரைகள் காலியாய்க் கிடக்க, மதிலில் ஏறியிருப்பதுதான் மரியாதை என்று நம்பும் இளைஞர்களே! எல்லோருக்கும் முன்னால் நிலத்தில் பாய் விரித்து அமர்ந்திருக்கும் சின்னஞ்சிறு செல்வங்களே! உங்கள் ஒவ்வொருவரையும் கைகூப்பி வணங்கி, உங்கள் அன்பை நம்பி இந்த மேடையில் நிற்கிறேன்.

என்னைத் தெரியாதவர் இந்த ஊரில் உண்டா? இருக்க முடியாது. ஏனென்றால் நான்தான் சந்தியில் பதாகை அச்சடிக்கும் கடைக்காரன். பிள்ளை பிறந்தால் என்னிடம் வருகிறீர்கள். பிறந்தநாள் என்றால் வருகிறீர்கள். மகள் பெரியவளாகிச் சாமத்தியச் சடங்கென்றால் வருகிறீர்கள், திருமணமென்றால் வருகிறீர்கள். கடைசியில் கண்ணீர் அஞ்சலிக்கு நீங்கள் வரமாட்டீர்கள். உங்கள் பிள்ளைகள் வருவார்கள். சிரிக்காதீர்கள், நல்ல படமாய் ஒன்றை இப்போதே எடுத்து வையுங்கள். கடைசி நேரத்தில் அடையாள அட்டைப் படத்தைக் கொண்டுவந்து, "அண்ணை, ஐயாவைக் கொஞ்சம் வெள்ளையாக்கி விடுங்கோ" என்றால் நான் என்ன செய்வேன்?

அப்படி, முகங்களைப் பெரிதாக்கிப் பிழைக்கும் மனிதன் நான். பத்தடி, பன்னிரண்டடி, இருபதடி என்று பெரிதாக்குவேன். பெரிதாக்கினால் பெருமை என்று நெடுங்காலம் நம்பியிருந்தேன். இன்று அந்த நம்பிக்கையைப் பற்றித்தான் உங்களோடு கதைக்கப் போகிறேன்.

அதற்கு முன், புதிதாய் வந்த உறவுகளுக்கு ஒரு வார்த்தை. "சனிக்கிழமைத் துணை" என்றால் என்ன? இதில் மந்திரமும் இல்லை, மாயமும் இல்லை. பதினாறு, பதினேழு வயதில், அடுத்து என்ன என்று தெரியாமல் தடுமாறும் நம் ஊர்ப் பிள்ளை ஒருவருக்கு, நம் ஊரிலேயே தொழில் செய்யும் பெரியவர் ஒருவர் துணை. தாதி ஒருவர், மேசன் ஒருவர், படகு இயந்திரம் திருத்துகிறவர் ஒருவர், நில அளவையாளர் ஒருவர். ஒவ்வொரு சனிக்கிழமையும் நான்கு மணித்தியாலம். புத்தகம் தூக்கவேண்டும் என்ற கட்டாயமில்லை. கூட இருப்பார்கள், கூடப் போவார்கள், விண்ணப்பம் நிரப்புவார்கள், நேர்முகத் தேர்வுக்குப் பேருந்தில் கூட்டிப் போவார்கள். மனம் விட்டுக் கதைக்க ஒரு மனிதர் இருக்கிறார் என்ற தைரியம் கொடுப்பார்கள். ஆறு வருடமாக நடக்கிறது. இந்த வருடம் பதினெட்டுப் பிள்ளைகள் பெயர் கொடுத்திருக்கிறார்கள். பேருந்துச் செலவு, மதியச் சாப்பாடு, பரீட்சைக் கட்டணம், பயிற்சிக்குப் போட ஒரு சோடி சப்பாத்து, இவைதான் செலவு. இவற்றுக்காகத்தான் ஆண்டுக்கொரு முறை இந்தக் கொட்டகையும், இந்தக் கொடிகளும், என்னுடைய இந்தத் தொண்டையும்.

சரி. இப்போது உங்கள் எல்லோர் மனத்திலும் ஒரு கேள்வி ஓடுவதை நான் அறிவேன். "எப்ப பேர் வாசிக்கப் போறியள்?" அதுதானே? ஓம், அங்கே பின்னால் ஒருவர் தலையாட்டுகிறார். அன்பான அண்ணை, உங்களை எனக்குத் தெரியும். போன வருடம் உங்கள் பெயரை வாசிக்கும்போது தலைப்பெழுத்தை விட்டுவிட்டேன் என்று மூன்று மாதம் என்னோடு கதைக்காமல் இருந்தவர் நீங்கள்தானே?

நம் வழக்கம் அது. குடுத்தவர் பெயரையும் குடுத்த தொகையையும் ஒலிபெருக்கியில் வாசிக்கவேண்டும். அந்தச் சத்தம் அடுத்த ஒழுங்கைவரை கேட்கவேண்டும். ஒருவர் பெயரைக் கேட்டு மற்றவர் பொக்கற்றில் கை வைக்கவேண்டும். ஐயாயிரம் என்று வாசித்தால் பக்கத்து வீட்டுக்காரர் ஆறாயிரம் கொண்டு வருவார். அதைக் கேட்டு முதலாமவர் மீண்டும் எழும்பி வருவார். இந்த அன்பான போட்டியால்தான் நம் கோயில்கள் எழும்பின, நம் பாடசாலைகளுக்கு மதில் எழும்பியது. அதை நான் கேலி செய்யவில்லை. அந்த ஒலிபெருக்கியை வைத்துக்கொண்டு இருபது வருடம் பெயர் வாசித்த வாய் இந்த வாய்.

ஆனால் என் அருமை உறவுகளே, இன்று பெயர் வாசிக்கப்பட மாட்டாது.

பொறுங்கள், பொறுங்கள்! கசமுச வேண்டாம். தம்பி கஜீவன், ஒலிபெருக்கியை நிற்பாட்டிப் போடாதையும், நான் சுகமாகத்தான் இருக்கிறேன். ஏன் இந்த முடிவு என்று சொல்லத்தான் இந்த மேடை ஏறியிருக்கிறேன். தலைவர் எனக்குத் தந்த நேரம் இருபது நிமிடம். அதில் ஒரு நிமிடம்கூட நான் என்னைப் புகழப் போவதில்லை. என்னை இகழத்தான் போகிறேன்.

மூன்று வருடங்களுக்கு முன் நடந்தது. நம் சனிக்கிழமைத் துணையில் ஒரு பிள்ளை இருந்தாள். உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். தகப்பனார் நோயாளி, படுக்கையில். தாயார் விடியவிடிய இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுத்துக் குடும்பத்தைத் தாங்கினார். அந்தப் பிள்ளையின் பெயரை நான் சொல்லமாட்டேன். இந்தக் கதையைச் சொல்லலாமா என்று இன்று மத்தியானம் அவளிடம் போய்க் கேட்டேன். "கதையைச் சொல்லுங்கோ மாமா, பேரைச் சொல்லாதேங்கோ" என்றாள். அவள் இன்று இந்தக் கூட்டத்தில் எங்கோ இருக்கிறாள்.

திரும்பிப் பார்க்காதீர்கள்! தாய்மாரே, என்னைப் பாருங்கள், என்னை! இவ்வளவு செலவழித்து வேட்டி கட்டி வந்திருக்கிறேன். உங்களில் சிலருக்கு அவள் யாரென்று தெரியும். தெரிந்தவர்கள் தெரியாதவர் போல் இருந்துவிடுங்கள். இன்றைக்கு நான் உங்களிடம் கேட்கும் முதல் நன்கொடை அதுதான்.

அந்த வருடம் பாடசாலை தூரமான ஐந்து பிள்ளைகளுக்குச் சைக்கிள் கொடுத்தோம். நான்தான் படமெடுத்தேன். நான்தானே எல்லாவற்றுக்கும் படமெடுப்பது! அந்தப் பிள்ளை சைக்கிளின் கைபிடியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எப்படிச் சிரித்தாள்? முதன்முதலாய்த் தனக்கென்று ஒரு சைக்கிள் கிடைத்த பதினெட்டு வயதுப் பிள்ளை எப்படிச் சிரிப்பாளோ, அப்படிச் சிரித்தாள். மணியை அடித்துப் பார்த்தாள். தோழியைப் பார்த்துச் சிரித்தாள். என்னைப் பார்த்தும் சிரித்தாள்.

நான் என்ன செய்தேன், சபையோரே? அந்தச் சிரிப்பை ஒருதரம் எடுத்துவிட்டுக் கமராவைக் கீழே இறக்கினேன். நிதி சேர்ப்பதற்கு உந்தச் சிரிப்பு உதவாது என்று கணக்குப் போட்டேன். அந்தப் பிள்ளைக்குக் கிட்டப் போய், இந்த வாயால், இதோ இந்த வாயால் சொன்னேன். "பிள்ளை, சிரிக்காதேங்கோ. கொஞ்சம் சோகமாய் நில்லுங்கோ."

அவள் நின்றாள். பெரியவர் சொன்னால் கேட்கும் பிள்ளை. தலையைக் குனிந்து, கண்ணைத் தாழ்த்தி, நான் கேட்டபடியே நின்றாள். நான் எடுத்தேன். கடைக்குப் போனேன். நிறத்தைக் கொஞ்சம் மங்கலாக்கினேன். பத்தடிக்கு எட்டடி. "இந்த ஏழை மாணவிக்கு எதிர்காலம் கொடுப்போம்" என்று சிவப்பு எழுத்தில் அடித்து, சந்தியில், மின்கம்பத்துக்கும் புளியமரத்துக்கும் நடுவில் இழுத்துக் கட்டினேன். கீழே நின்று பார்த்து, "ஆகா, என்ன வேலை!" என்று என்னை நானே மெச்சினேன்.

அந்தப் பதாகை தோற்றுப்போனதா? தோற்றிருந்தால் நன்றாயிருந்திருக்கும். அது வென்றது! முகநூலில் போட்டோம், கடல் கடந்து போனது. அதுவரை எந்த வருடமும் சேராத காசு அந்த வருடம் சேர்ந்தது. குழுக் கூட்டத்தில் எனக்குக் கைதட்டினார்கள். நான் எழுந்து நின்று கைகூப்பினேன். அந்தக் கைதட்டலை இன்று நினைத்தாலும் எனக்கு உடம்பு கூசுகிறது.

ஆனால் பதாகை கட்டியபின் வந்த முதற் சனிக்கிழமையே அந்தப் பிள்ளை வரவில்லை.

காய்ச்சலாக்கும் என்றோம். திங்கட்கிழமை பாடசாலைக்கும் போகவில்லை. செவ்வாய்க்கிழமையும் போகவில்லை. எப்படிப் போவாள்? அவளுடைய வீட்டிலிருந்து பாடசாலைக்குப் போகும் பாதை அந்தச் சந்தியால்தானே போகிறது! கூடப் படிக்கிற பிள்ளைகள் எல்லோரும் போகும் பேருந்து அந்தப் புளியமரத்தடியில்தானே நிற்கிறது! தன் முகத்துக்குக் கீழே, பத்தடி முகத்துக்குக் கீழே, நான் கொடுத்த சைக்கிளில் அவள் எப்படிப் போவாள்? இது எனக்குத் தோன்றவேயில்லை, சபையோரே. தினமும் முகங்களோடு பிழைக்கிற எனக்கு, அந்த முகத்துக்குரியவள் அந்த வழியால் போவாள் என்பது தோன்றவேயில்லை.

ஒன்பது நாள். பரீட்சைக்கு ஆறு கிழமை, ஒன்றரை மாதம்தான் இருந்தது.

அந்தப் பிள்ளைக்குச் சனிக்கிழமைத் துணையாய் இருந்தவர் தயாளினி. நீங்கள் எல்லோரும் அறிந்த தாதி, தேவையென்றால் ஊசி போடுவார், தேவையென்றால் ஏசியும் போடுவார். பத்தாம் நாள் மத்தியானம், வேலை முடிந்த சீருடையோடு நேரே என் கடைக்கு வந்தார். கடையில் வாடிக்கையாளர் நாலுபேர் நிற்கிறார்கள். அதெல்லாம் அவர் பார்க்கவில்லை.

"அண்ணை, அந்தப் பிள்ளை என்னோடை வாய் திறந்து கதைக்க நாலு மாசம் எடுத்தது. நீங்கள் ஒரே நாளிலை அந்த வாயை மூடப்பண்ணிப்போட்டியள்."

"நான் என்ன தங்கச்சி செய்தனான்? நல்லதுக்குத்தானே..."

"நல்லதோ? உங்கடை மகளின்ரை படத்தை உப்பிடிச் சந்தியிலை கட்டுவியளோ? சொல்லுங்கோ, கட்டுவியளோ?"

அதே கேள்வியை உங்களிடமும் வைக்கிறேன். உங்கள் மகளை, உங்கள் பேத்தியை, உங்கள் தங்கையை அப்படிக் கட்ட உங்களில் யாருக்காவது மனம் வருமா? என் மகளுக்கும் அப்போது அதே வயது. என் மகளின் படத்தில் ஒரு பரு தெரிந்தாலும் அழித்துவிட்டு அச்சடிக்கிற தகப்பன் நான். மற்றவர் மகளின் சிரிப்பையே அழித்திருந்தேன்.

ஏணியைத் தூக்கிக்கொண்டு சந்திக்கு ஓடினேன். நல்ல வெயில். கம்பத்தில் கட்டிய கயிற்றை அறுத்தேன். ஒரு பக்கம் தொங்கியது. மறுபக்கத்துக் கயிறு இறுகிக்கிடந்தது. கோபம் முழுதும் என்மேல்தான். அதைப் பதாகையில் காட்டி, கிழித்தே எறிந்துவிடுவோம் என்று இரண்டு கையாலும் பிடித்தேன். அப்போது கீழேயிருந்து ஒரு குரல்.

"ஐயோ, கிழிக்காதேங்கோ தம்பி! அது என்ரை பிள்ளையின்ரை முகம்!"

அந்தத் தாய். இடியப்பத் தட்டுகளைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு கடைக்குப் போகும் வழியில் நின்றிருந்தார். என் கை அப்படியே நின்றுவிட்டது. மிஞ்சியிருந்த முடிச்சுகளை ஒவ்வொன்றாய் அவிழ்த்து இறக்கினேன். அவரும் ஒரு முனையைப் பிடித்தார். நடுத்தெருவில் நின்று நாங்கள் இருவரும் அந்த முகத்தை மடிப்பு விழாமல் சுருட்டினோம். நான் அழுதேன் என்பதை மறைக்கமாட்டேன். அவர் அழவில்லை.

மன்னிப்புக் கேட்டேன். அவர் சொன்னதை நான் ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் சொல்கிறேன்.

"தம்பி, நீங்கள் செய்த உதவியை நாங்கள் மறக்கேல்லை. மறக்கவும் மாட்டம். எங்கடை வீட்டிலையும் கோயிலுக்குப் பிடியரிசி எடுத்து வைக்கிறனாங்கள். உலை வைக்கேக்கை ஒவ்வொரு நாளும் ஒரு பிடி. வெள்ளிக்கிழமையிலை எடுக்க வாறவை, உது எவ்வளவு, உது ஆரின்ரை எண்டு கேட்டவையே? பெரிய வீட்டு அரிசியும் என்ரை வீட்டு அரிசியும் ஒரே சாக்குக்குள்ளைதான் போகுது. அங்கை நானும் குடுக்கிற ஆள்தான். உதைச் சந்தியிலை கட்டின நாளிலை இருந்து ஊர் என்னை வாங்கிற ஆளாய் மட்டும்தான் பாக்குது. குடுக்கிற இடத்திலை எங்களுக்கும் ஒரு இடம் விடுங்கோ தம்பி."

கேட்டீர்களா, என் தாய்மாரே! அவர் காசு கேட்கவில்லை. அனுதாபம் கேட்கவில்லை. குடுக்கிற இடத்தில் ஓர் இடம் கேட்டார்! எத்தனை மேடையில் பேசியிருக்கிறேன், எத்தனை பெரியவர்களின் பேச்சைக் கேட்டிருக்கிறேன்; இடியப்பத் தட்டோடு நடுவெயிலில் நின்ற அந்தத் தாயின் பேச்சுக்கு ஈடாய் ஒன்றை நான் கேட்டதில்லை.

அன்று பின்னேரமே அவர்கள் வீட்டுக்குப் போனேன். பிள்ளை வெளியே வந்தாள். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுக்கமுன் அவள் கேட்டாள். "மாமா, அண்டைக்கு எனக்கு நல்ல சந்தோசம். நான் சிரிச்சுக்கொண்டுதானே நிண்டனான். ஏன் மாமா என்னை அழுமூஞ்சியாக்கினனீங்கள்?"

"பிழை என்ரைதான் பிள்ளை" என்றேன். பிறகு, "அந்தச் சிரிச்ச படம் இருக்கோ?" என்றாள். இருந்தது. அவள் மணியடித்தபடி சிரித்த அந்த முதற்படத்தை நான் அழிக்கவில்லை. கை அகலத்தில் ஒன்று அச்சடித்துக் கொடுத்தேன். என் தொழில் வாழ்க்கையிலேயே நான் அச்சடித்த ஆகச் சிறிய படம் அதுதான், ஆகச் சிறந்த படமும் அதுதான்.

அடுத்த திங்கட்கிழமை அவள் சைக்கிளில் பாடசாலைக்குப் போனாள். தயாளினி முதல் மூன்று நாளும் தன் ஸ்கூட்டரை உருட்டாத குறையாய், அவளுக்குப் பக்கத்திலேயே மெதுவாய் ஓட்டிக்கொண்டு போனார். பரீட்சை எழுதினாள். இப்போது படிக்கிறாள். எங்கே, என்ன என்று கேட்காதீர்கள், அது அவளுடைய விடயம். ஒன்று மட்டும் சொல்ல எனக்கு அனுமதி தந்திருக்கிறாள். விடுமுறைக்கு வரும் ஒவ்வொரு சனிக்கிழமையும் அவள் நம் நிலையத்துக்கு வருகிறாள். இப்போது இன்னொரு பிள்ளைக்கு அவள் துணை.

கைதட்டுங்கள், நன்றாகத் தட்டுங்கள்! ஆனால் முகத்தை இந்தப் பக்கம் வைத்துக்கொண்டே தட்டுங்கள். ஆச்சி, கழுத்தை வளைக்காதேங்கோ, நான் பார்த்துக்கொண்டுதான் நிற்கிறன்!

இத்தோடு கதை முடிந்தால் நான் நல்லவனாய் இறங்கிப் போயிருப்பேன். முடியவில்லை. அதன்பிறகு பிள்ளைகளின் படத்தை நான் அச்சடிக்கவில்லை, உண்மைதான். ஆனால் குடுத்தவர் பெயர் வாசிப்பதை விட்டேனா? விடவில்லை. பாதிப் பாடம்தான் படித்தேன். இருபது பேர் பெயரை ஒலிபெருக்கியில் வாசித்தால், வாசிக்கப்படாதவர் யார் என்று ஊருக்குத் தெரிந்துவிடுகிறதே! குடுத்தவருக்கு மாலை போடும்போதே, வாங்குகிறவருக்கு நாம் ஒரு முத்திரை குத்திவிடுகிறோமே! அந்தத் தாய் கேட்ட இடத்தை நான் இந்த மூன்று வருடமாய்க் கொடுக்கவேயில்லை.

இதை நான் விளங்கிக்கொள்ள இன்று காலை வந்த ஒரு தொலைபேசி அழைப்பு தேவைப்பட்டது. கனடாவிலிருந்து ஜெயரூபன். நம் ஊர்ப் பிள்ளை. பதினெட்டுப் பிள்ளைகளுக்கும் ஒரு வருடத்துக்கான முழுச் செலவையும் தானே தருவதாய் மாதக் கணக்காய்ச் சொல்லிக்கொண்டிருந்தவர். அதை நம்பித்தான் பதினெட்டுப் பிள்ளைகளுக்கும் நாங்கள் ஓம் என்று சொல்லியிருந்தோம்.

"அண்ணை, காசு ஆயத்தம். ஒண்டே ஒண்டு. பதினெட்டுப் பிள்ளையளின்ரை படமும் பேரும் போட்டு, மேடைக்குப் பின்னாலை ஒரு பெரிய பதாகை அடியுங்கோ. இஞ்சை எங்கடை ஆக்களுக்குக் காட்டோணும். காட்டினால்தான் வாற வருசமும் சேர்க்கலாம்."

அவர் கெட்டவரா? இல்லவே இல்லை. பனியில் நின்று உழைத்த காசை ஊருக்குத் தர நினைக்கும் நல்ல மனம் அவருக்கு. காட்டினால்தான் காசு வரும் என்று அவருக்குப் பழக்கியது யார்? நான்! என் பத்தடிப் பதாகைதான் முகநூலில் அவர்வரை போனது. நான் விதைத்ததை அவர் எனக்கே திருப்பித் தருகிறார்.

"தம்பி, பிள்ளையளின்ரை படம் தரமாட்டன்" என்றேன்.

"அப்ப கஷ்டம் அண்ணை. இஞ்சை நான் என்னத்தைச் சொல்லி ஆக்களிட்டைக் கேக்கிறது?"

"ஓம் தம்பி, விளங்குது. கோவிக்காதேங்கோ" என்று வைத்துவிட்டேன்.

வைத்தபின்தான் உறைத்தது. குழுவைக் கேளாமல் சொல்லிவிட்டேனே! நேரே தலைவர் வீட்டுக்குப் போனேன். தம்பிஐயா அவர்கள் தோட்டத்தில் பாத்திகளுக்குத் தண்ணி மாறிக்கொண்டு நின்றார். எல்லாவற்றையும் சொன்னேன். ஏசுவார் என்று நினைத்தேன். ஒரு பாத்தியை நிறைய விட்டார். பிறகு மண்வெட்டியால் வாய்க்காலை மறித்துவிட்டு நிமிர்ந்து சொன்னார். "சரி பிரகலாதன். பிழையில்லை. ஆனால் உதை மேடையிலை ஏறி நீரே சொல்லும்."

சொல்லிவிட்டேன். இப்போது நிலைமை இதுதான், ஒளிக்க ஒன்றுமில்லை. நம் கையில் ஒன்றுமில்லை. வருகிற சனிக்கிழமை பதினெட்டுப் பிள்ளைகள் இந்த வாசலுக்கு வருவார்கள். கதவு திறக்குமா, திறக்காதா என்பது இன்று இந்தக் கொட்டகைக்குள் இருக்கும் நம் கையில்தான் இருக்கிறது. ஜெயரூபனோடு நான் மீண்டும் கதைப்பேன், அவர் நம்முடைய பிள்ளை, கோபித்தாலும் விடமாட்டேன். ஆனால் இன்று, இன்றைய பொழுதில், நாம்தான்.

எப்படிச் சேர்க்கப் போகிறோம்? அந்தத் தாய் சொன்னபடி. இதோ, மகாதேவி அம்மா இன்று மத்தியானம் இருந்து தைத்துத் தந்த துணிப் பைகள். வாய் குறுகலானவை, கை மட்டும்தான் நுழையும். ஒவ்வொருவரும் கையைப் பொத்திக்கொண்டு உள்ளே விடுங்கள், விரித்துக்கொண்டு எடுங்கள். பொத்திய கைக்குள் ஆயிரம் இருக்கலாம், நூறு இருக்கலாம், இருபது ரூபாக் குற்றிக் காசு இருக்கலாம். ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம்! ஒன்றுமில்லாதவரும் கையை விடுங்கள். விடாமல் மட்டும் இருக்கவேண்டாம். யார் எவ்வளவு என்று யாருக்கும் தெரியவராது. எனக்கும் தெரியவராது, தலைவருக்கும் தெரியவராது. அங்கே தலைப்பெழுத்து அண்ணை, உங்களுக்கு இது கஷ்டம்தான், எனக்கும் கஷ்டம்தான். ஒரு நாளைக்கு இருவருமாய்த் தாங்குவோம்.

இன்னுமொன்று. பையைக் கொண்டுவரப் போகிறவர்கள் நம் ஊர் இளையவர்கள் பன்னிரண்டு பேர். அவர்களில் சிலர் சனிக்கிழமைத் துணைப் பிள்ளைகள், சிலர் இல்லை. என் மகளும் இருக்கிறாள். யார் எவர் என்று பிரித்துப் பார்க்காதீர்கள். பை உங்கள் முன்னால் வரும்போது பையைப் பார்க்காமல், அதைப் பிடித்திருக்கிற பிள்ளையைப் பாருங்கள். "எப்படியிருக்கிறாய் பிள்ளை?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். மறுமொழி சொல்லிமுடிக்கும்வரை கேளுங்கள். காசைவிட அதற்குத்தான் இந்தப் பிள்ளைகள் ஏங்குகிறார்கள். அதற்காகத்தான் இந்தச் சனிக்கிழமைகள் தொடங்கின!

வழக்கத்தில் காசு சேர்க்கும் தட்டு முன்வரிசையில் தொடங்கும். பெரியவர்கள், பிரமுகர்கள், துணி போட்ட கதிரையில் இருப்பவர்கள். தலைவர் அவர்களின் சம்மதத்தோடு, இன்று பை பின்வரிசையிலிருந்து தொடங்கும். அந்தக் கடைசி மர வாங்கில் குந்தியிருப்பவர்களிலிருந்து, தூண் மறைவில் இருப்பவர்களிலிருந்து, வேலை முடிந்து பிந்தி வந்தவர்களிலிருந்து தொடங்கும். அங்கே விடியவிடிய உழைத்துக் காய்த்த கைகள் இருக்கின்றன. அந்தக் கைகள் முதலில் குடுக்கட்டும். நாங்கள், மேடையிலும் முன்னுக்கும் இருப்பவர்கள், அவர்களுக்குப் பின்னால் எங்கள் முறை வரும்வரை காத்திருப்போம்.

என் பிழையைப் பொறுத்து இவ்வளவு நேரம் கேட்ட உங்கள் பொறுமைக்கும், கடிகாரத்தை மறந்துவிட்டது போல் நடித்த தலைவருக்கும், எனக்கு ஏசிய தயாளினித் தங்கைக்கும், பேர் சொல்லாமல் ஒரு தாய்க்கும் மகளுக்கும் என் நெஞ்சு நிறைந்த நன்றி. எல்லோரும் நலமாய் இருங்கள். உங்கள் வீட்டு உலைகள் ஒருநாளும் ஓயாமல் கொதிக்கட்டும். வணக்கம்.

பிள்ளைகளே, பின்னாலிருந்து தொடங்குங்கள்.